தீர்ப்பு இருக்கிறது, கட்டு எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன்பு, திண்டிவனத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து நான்காக மடிக்கப்பட்ட ஒரு நகலை எடுத்து மேசை மீது விரித்தார். அவருடைய தந்தைக்கு ஆதரவாக 1987-இல் வழங்கப்பட்ட தீர்ப்பாணையின் ஒளிநகல் அது. நிலம் அவருக்கே உரியது என்று விளம்புகை செய்து, பக்கத்து நிலத்தார் அதில் தலையிடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளையும் அதில் பிறப்பிக்கப்பட்டிருந்தது. பக்கத்து நிலத்தாரின் பேரன்கள் இப்போது வரப்பை வெட்டிவிட்டார்கள் என்பது அவருடைய முறையீடு.

சட்டப்படி அவருடைய நிலை வலுவானது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி பொதுவாக ஒரு தீர்ப்பாணையைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நிறைவேற்றக் கோர வேண்டும். ஆனால், நிரந்தர உறுத்துக்கட்டளைக்கு அந்தக் காலவரம்பு கிடையாது. எனவே சான்றிட்ட நகல் கோரி மனு செய்தோம். சில வாரங்களில் மனு திரும்பி வந்தது. 'கட்டு கிடைக்கவில்லை' என்பது அதன் மீதான குறிப்பு. மீண்டும் மனு செய்தோம்; மீண்டும் அதே பதில். பழைய வழக்குப் பதிவேட்டில் வழக்கு எண்ணும் முடிவும் ஒரே வரியில் இருந்தன. எந்தப் புல எண், எந்த எல்லை, யாருக்கு எதிராக என்பதைச் சொல்லும் கட்டு மட்டும் இல்லை.

"கோர்ட்டுல குடுத்த தீர்ப்பு கோர்ட்டுலயே இல்லன்னா, வேற எங்க சார் போயித் தேடுறது?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அது எந்த நீதிமன்றம் என்று இங்கே சொல்வது தேவையற்றது. தமிழகத்தில் நெடுநாள் உரிமையியல் வழக்கு நடத்திய எந்த வழக்குரைஞரிடம் கேட்டாலும் இதுபோல் ஒன்றைச் சொல்வார். நீதிமன்ற ஆவணங்களை மின்னணு முறையில் பேணுவது குறித்த விவாதத்தை அந்த மூதாட்டியின் கேள்வியிலிருந்துதான் நான் அணுகுகிறேன்.

மாவட்டம் பிரிந்தால் கட்டும் பிரியும்

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனிப் பரிமாணம் உண்டு. தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று இம்மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதுவரை மாவட்டத்தின் தலைமையிடம் கடலூர். பின்னர் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஒரே நிலத்தைப் பற்றிய மூல வழக்கு, மேல்முறையீடு, நிறைவேற்றல் மனு ஆகியவை ஒரு தலைமுறைக்குள் வெவ்வேறு மாவட்டங்களின் பதிவேடுகளில் இடம்பெறும் நிலை இதனால் ஏற்படுகிறது. ஆள்வரை எல்லை மாறும்போது நிலுவை வழக்குகளின் கட்டுகள் ஒரு நீதிமன்றத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகின்றன. முடிந்த வழக்குகளின் கட்டுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. எது போனது, எது தங்கியது என்பதற்கான பட்டியல்தான் அந்தக் கட்டுகளுக்கு உயிர். பட்டியல் தவறினால், கட்டு காப்பறையிலேயே இருந்தாலும் அது காணாமல் போனதற்குச் சமம்.

இயற்கையும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. 2011 டிசம்பர் இறுதியில் கரையைக் கடந்த தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்கு அருகில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளக் காப்பறைகளில் நூல் கட்டி அடுக்கப்பட்ட காகிதத்துக்கு இத்தகைய மழை ஒன்று போதும். கரையானும் எலியும் புயலுக்காகக் காத்திருப்பதில்லை.

கட்டு தொலைந்தால் என்ன ஆகும்?

உரிமையியல் வழக்கில் மூல ஆவணம் தொலைந்துவிட்டது என்று நிறுவினால், இரண்டாம் நிலைச் சான்றை அளிக்கலாம். பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 60-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. ஆனால், தொலைந்ததை நிறுவுவதே ஒரு தனி வழக்காகிவிடுகிறது.

குற்றவியல் வழக்கில் விளைவு இன்னும் கடுமையானது. உத்தரப் பிரதேச அரசு எதிர் அபய்ராஜ் சிங் வழக்கில் 2004-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. விசாரணை நீதிமன்ற ஆவணங்கள் கிடைக்காவிட்டால், முதலில் அவற்றை மீட்டுருவாக்க முயல வேண்டும். இயலாவிட்டால், மறுவிசாரணை சாத்தியமா என்று பார்க்க வேண்டும். அதுவும் இயலாதபோது தண்டனை நிலைக்க முடியாது. ஜிதேந்திர குமார் ரோடே வழக்கில் 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் இதை மீண்டும் உறுதிசெய்தது. 1999-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட ரயில்வே ஊழியர் ஒருவரின் விசாரணை ஆவணங்கள் தொலைந்துபோயிருந்தன. ஆவணங்களே இல்லாமல் உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது தவறு என்று கூறி, உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. எல்லா மாவட்ட நீதிமன்றங்களிலும் வழக்கு ஆவணங்கள் உடனுக்குடன், முடிந்தவரை மேல்முறையீட்டுக்கான கால எல்லைக்குள் மின்னணு வடிவமாக்கப்பட வேண்டும் என்று அத்தீர்ப்பு உயர்நீதிமன்றங்களைப் பணித்தது. குற்றவாளியாயின் தப்பினார், நிரபராதியாயின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழி சுமந்தார். இரண்டில் எது உண்மை என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

இதுவரை நடந்தது என்ன?

உச்சநீதிமன்றத்தின் மின்குழு 2004 இறுதியில் அமைக்கப்பட்டது. அதன் வழிகாட்டுதலில் மின்-நீதிமன்றத் திட்டத்தின் முதல் கட்டம் 2007-இல் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2023-இல் நிறைவுற்றபோது நாடு முழுவதும் 18,735 மாவட்ட, சார்பு நீதிமன்றங்கள் கணினிமயமாகியிருந்தன. தேசிய தகவலியல் மையம் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு உருவாக்கிய 'வழக்குத் தகவல் முறைமை' இன்று திண்டிவனம் நீதிமன்றத்திலும் தில்லி நீதிமன்றத்திலும் ஒன்றேதான். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்கக் குறியீட்டெண் வழங்கப்படுகிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், வரிசை எண், ஆண்டு ஆகியவை அதில் அடங்கும். வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாறினாலும் அதன் தடத்தைப் பின்தொடர உதவும் வலுவான கண்ணி இது. அடுத்த வாய்தா எப்போது என்பதை அறிய வழக்காடி கிராமத்திலிருந்து பேருந்தேறி வர வேண்டிய தேவை இதனால் குறைந்திருக்கிறது. இந்த முன்னேற்றத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. நான்கு ஆண்டுகளுக்கான மொத்த ஒதுக்கீடு ரூ.7,210 கோடி. அதில் ரூ.2,038.40 கோடி, அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல், பழைய, நிலுவை வழக்கு ஆவணங்களை வருடி எண்ம வடிவமாக்கவும் பாதுகாக்கவும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பணம் இருக்கிறது. அதை எந்த வரிசையில், எந்த ஒழுங்கில் செலவிடப் போகிறோம் என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

வருடுவது மட்டும் போதாது

காகிதத்தை இயந்திரத்தில் வைத்துப் படமெடுப்பதையே மின்னணு ஆவண மேலாண்மை என்று பலர் கருதுகிறார்கள். அது முதல் படி மட்டுமே. ஒரு மின்னணு ஆவணம் நீதிமன்ற ஆவணமாக மதிக்கப்பட வேண்டுமானால், அது நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இது எந்த வழக்கின் எந்தத் தாள்? யார், எப்போது இதை உள்ளிட்டார்? அதன் பிறகு யாராவது மாற்றினார்களா? முப்பது ஆண்டுகள் கழித்தும் இதைத் திறந்து படிக்க முடியுமா?

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்தக் கேள்விகளுக்கான அடித்தளத்தை அப்போதே இட்டுவிட்டது. மின்னணுப் பதிவுக்கு அதன் 4-ஆவது பிரிவு சட்ட ஏற்பு அளிக்கிறது. சேமிக்கப்படும் பதிவு பின்னாளில் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும், மூல வடிவத்தைப் பிழையின்றிக் காட்ட வேண்டும், அதன் தோற்றம், நாள், நேரம் ஆகிய விவரங்களைக் கொண்டிருக்க வேண்டும் என்று 7-ஆவது பிரிவு கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுச் சான்றுடன் அளிக்க வேண்டிய சான்றிதழில் 'ஹாஷ்' மதிப்பையும் குறிப்பிடச் சொல்கிறது. ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்வரிசை அது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண்வரிசை முற்றிலும் வேறாகிவிடும்.

புதியதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் கருத்து நம் மண்ணில் பழையது. விழுப்புரம் மாவட்டம் எசாலத்தில் 1987-இல் முதலாம் ராஜேந்திர சோழர் காலச் செப்பேடுகள் கிடைத்தன. ஏடுகளைத் துளையிட்டு ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் இணைப்பில் அரச முத்திரை பொறித்திருந்தார்கள். முத்திரையைச் சிதைக்காமல் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ முடியாது. ஆவணம் நீடிக்கும் பொருளில் இருக்க வேண்டும், வரிசை குலையக் கூடாது, இடைச்செருகல் நேர்ந்தால் வெளியே தெரிய வேண்டும் என்ற மூன்று கவலைகளும் அவர்களுக்கு இருந்தன. ஓராயிரம் ஆண்டு கழித்து நம்முடைய கவலைகளும் அவையே.

எந்தத் தாளை யார் எங்கே நகர்த்தினார் என்ற குறிப்புக்கும் இதே மதிப்பு உண்டு. அமைச்சர் ஒருவர் மீதான சொத்துக்குவிப்பு வழக்கு 2022-இல் நிர்வாக உத்தரவின் வழியாக விழுப்புரம் நீதிமன்றத்திலிருந்து வேலூருக்கு மாற்றப்பட்டது. 2023 ஜூனில் அங்கே விடுதலைத் தீர்ப்பு வந்தது. அடுத்த சில வாரங்களில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அதைத் தாமாக முன்வந்து மறுஆய்வுக்கு எடுத்தபோது எழுப்பிய முக்கியக் கேள்வி, அந்த வழக்கு எப்படி, எந்த அதிகாரத்தின் கீழ் இடம்மாறியது என்பதாகும். வழக்கின் முடிவு எதுவாயினும், கோப்பின் நாள்வாரிக் குறிப்புகள் இருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

தமிழ் ஆவணங்களின் தனிச் சிக்கல்

நம் மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. பிராதும் பதிலுரையும் தீர்ப்பும் தமிழில் வருவது உண்டு. தமிழக அரசு ஒருங்குறியை 2010-இல்தான் தரமாக ஏற்றது. அதற்கு முன்பு டாம், டாப் முதலிய குறியேற்றங்களிலும் தனியார் எழுத்துருக்களிலும் தட்டச்சான கோப்புகள் ஏராளம். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். காகிதக் கட்டை விடவும் விரைவாக இறந்துபோகும் ஆவணங்கள் இவை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்க்கும் பணி, வருடும் பணியுடன் சேர்த்தே நடக்க வேண்டும்.

பெயர்களிலும் சிக்கல் இருக்கிறது. இணையத் தேடலில் ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் உள்ளன. விழுப்புரத்தை ஆங்கிலத்தில் எழுத இரண்டு மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன, திண்டிவனத்துக்கும் அப்படியே. ஏழுமலை, கன்னியப்பன் போன்ற பெயர்களை ஒவ்வோர் எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். ஓர் எழுத்து மாறினால் வழக்கு தேடலில் அகப்படாது. வாதி, பிரதிவாதி பெயர்களையும் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் தமிழிலும் உள்ளிட்டால், வழக்காடி தன் வழக்கைத் தானே கண்டுகொள்ள முடியும்.

பிறர் கற்ற பாடங்கள்

சிங்கப்பூர் உரிமையியல் வழக்குகளில் மின்வழித் தாக்கலை 2000-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியது. 2013-இல் அந்த முறைமையையே மாற்றி வேறொன்றைக் கொண்டுவந்தது. எந்த மென்பொருளும் நிலையானதல்ல. அடுத்ததற்கு மாறும் திட்டத்துடனேயே முதலாவதைத் தொடங்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

அந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. அங்குள்ள கூட்டரசு நீதிமன்றங்களின் 'பேசர்' இணையதளத்திலிருந்து 2014 ஆகஸ்டில் நான்கு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், ஒரு திவால் நீதிமன்றம் ஆகியவற்றின் பழைய வழக்குப் பதிவுகள் திடீரென நீக்கப்பட்டன. புதிய மென்பொருளுடன் பழைய முறைமை ஒத்துப்போகவில்லை என்பது காரணம். எதிர்ப்புக்குப் பிறகே அவை மீட்கப்பட்டன. 2021 ஜனவரியில், இணைய ஊடுருவல் ஒன்றுக்குப் பிறகு, மிகவும் கமுக்கமான ஆவணங்களைக் காகிதமாகவோ பாதுகாப்பான தனிக் கருவியிலோ மட்டுமே பெறுவது என்று அதே நீதிமன்றங்கள் முடிவெடுத்தன. காகிதத்தை முற்றாகக் கைவிட்டுவிட முடியாது என்பதை வசதி மிகுந்த நாடும் ஒப்புக்கொண்ட தருணம் அது.

எல்லாவற்றையும் எல்லோரும் எப்போதும் பார்க்கலாம் என்பதும் சிக்கலே. குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், தம் பெயர் இணையத்திலுள்ள தீர்ப்பில் நீடிப்பது தம்மை வதைக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். 2021-இல் தனிநீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இருநீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. காப்பறையில் தூசு படிந்த கட்டுக்கு இயல்பாகவே ஒரு மறைவு இருந்தது. தேடுபொறி அதைப் பறித்துவிட்டது. குடும்ப வழக்குகள், சிறார் வழக்குகள், பாலியல் குற்ற வழக்குகள் ஆகியவற்றில் எதை யார் பார்க்கலாம் என்ற படிநிலையை ஆவணம் உள்ளிடப்படும்போதே குறித்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, வருடுவதற்கு முன் கணக்கெடுப்பு. ஒவ்வொரு காப்பறையிலும் என்னென்ன கட்டுகள் உள்ளன, எவை இல்லை என்ற பட்டியல் வெளியிடப்பட வேண்டும். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் இது ஒரே பட்டியலாக இருக்க வேண்டும். இல்லாததை இல்லை என்று இப்போதே சொல்லிவிட்டால், சம்பந்தப்பட்டவர்கள் கையிலுள்ள நகல்களைக் கொண்டு மீட்டுருவாக்கம் செய்யலாம்.

இரண்டாவது, சரிபார்ப்பு. வருடிய தாள்களின் எண்ணிக்கை கட்டின் தாள்களுடன் ஒத்திருக்கிறதா, பின்பக்கக் குறிப்புகள் விடுபட்டனவா என்பதைப் பொறுப்புள்ள அலுவலர் ஒருவர் பார்த்து, மின்கையொப்பமிட்டுச் சான்றளிக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளரின் வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

மூன்றாவது, அழிப்பதில் நிதானம். 1917-இலேயே ஆவணங்களை அழிப்பதற்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. காலங்கடந்த தாள்களை நீக்குவது தேவையானதே. ஆனால், கைரேகை, கையொப்பம், மையின் வயது போன்றவற்றை ஆராய மூலத்தாள் வேண்டும், படம் போதாது. உயில், விற்பனை ஒப்பந்தம், கடனுறுதிச் சீட்டு ஆகியவற்றை அழிப்பதற்கு முன் தரப்பினருக்கு அறிவிப்பு அனுப்பித் திரும்பப் பெறச் சொல்வது கட்டாயமாக வேண்டும்.

நான்காவது, பிரதிகள். ஒரே வழங்கியில் இருக்கும் ஒரே பிரதி பாதுகாப்பாகாது. புயல் தாக்கும் கடற்கரை மாவட்டத்தின் பிரதி ஒன்று உள்நாட்டில் தொலைவாக இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து பார்த்து, அதன் அறிக்கையை மாவட்ட நீதிபதியிடம் அளிக்க வேண்டும். நெடுங்காலச் சேமிப்புக்கென 2005-இலேயே பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட பிடிஎஃப்-ஏ வடிவத்தையே பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாவது, மனிதர்கள். மின்வழித் தாக்கல் கட்டாயமாக்கப்பட்டபோது தமிழக வழக்குரைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததைப் பழைமைவாதம் என்று ஒதுக்குவது சரியன்று. நானும் முதலில் முணுமுணுத்தவன்தான். இணைய வேகம் குறைந்த சிறு நகரங்களில், மின்வழியாகவும் காகிதமாகவும் இருமுறை தாக்கல் செய்யும் சுமை உண்மையானது. நீதிமன்ற இ-சேவை மையங்களில் போதிய வருடிகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் இருந்தால் எதிர்ப்பின் பெரும்பகுதி தானே அடங்கும். அதேபோல், காப்பறைப் பணியைத் தண்டனைப் பணியிடமாகக் கருதும் மனப்போக்கும் மாற வேண்டும். பழைய காப்பாளர்கள் சிலர், எந்த அடுக்கில் எந்த ஆண்டின் கட்டு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் ஓய்வு பெறும் முன்பே அந்த அறிவைப் பட்டியலாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மூதாட்டியின் ஒளிநகலை இரண்டாம் நிலைச் சான்றாக ஏற்கக் கோரும் மனு இன்னும் நிலுவையில் உள்ளது. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதை ஆட்சேபித்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் அதே மஞ்சள் பையுடன் வருகிறார். அரசின் ஒரு கிளை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டிய ஆவணத்தை, எழுதப் படிக்கத் தெரியாத அவர் தம் வீட்டுத் தகரப் பெட்டியில் காத்து வைத்திருந்தார். அந்த அக்கறை நீதிமன்றக் காப்பறைக்கும் வர வேண்டும். காகிதத்தில் பேணினாலும் கணினியில் பேணினாலும், அது இல்லாமல் எந்தத் தீர்ப்பும் நிலைக்காது.

கட்டுரையாளர்: வழக்குரைஞர்.